யார் முடிவு அது?

வணக்கம். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இத்தனை பெற்றோர் வந்திருப்பது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. "எங்களுக்கப்புறம் இவனை யார் பார்த்துக்குவாங்க?" நம் எல்லோர் வீட்டிலும் ராத்தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி இது. அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க விரும்புகிறேன். நாம் இருக்கும்போதே, இன்றைக்கு, அவன் முடிவை யார் எடுக்கிறார்கள்?

என் தம்பிக்கு 34 வயது, டவுன் சிண்ட்ரோம்; பிறவியிலேயே இருக்கிற, எதையும் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் பிடிக்கிற நிலை. போன தீபாவளிக்குத் துணிக்கடையில், "தம்பிக்கு என்ன கலர் எடுக்கட்டும்?" என்று கடைக்காரர் என்னைக் கேட்டார். அவனையே கேட்கச் சொன்னேன். இருபது சட்டையை விரித்துப் போட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். இரண்டை மட்டும் அவன் முன்னால் வைத்துவிட்டு நான் பேசாமல் நின்றேன். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. கட்டம் போட்ட சட்டையின் பொத்தானைத் தொட்டான். இருபதை இரண்டாக்கினேன், காத்திருந்தேன். நான் செய்த உதவி அவ்வளவுதான்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கேட்பதும் இந்த மாதிரி உதவியைத்தான். பிள்ளைக்கு 18 வயது ஆனதும், அவனுக்காகச் சட்டப்படி முடிவெடுக்கிற காப்பாளர் என்ற சான்றுக்குக் கலெக்டர் ஆபீசுக்கு ஓடுகிறோம். அது தேவைப்படுகிற பிள்ளைகளும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த பிரிவைப் படித்துப் பாருங்கள்: போதிய உதவி கொடுத்தும் முடியாதபோதுதான் காப்பாளர். அதுவும் குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, பிள்ளையையும் கலந்துகொண்டு.

வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். பணம், உடம்பு, வேலை, வீடு என்று தனித்தனிப் பக்கம். எதைத் தானே செய்வான், எதற்குத் துணை வேண்டும், யார் துணை, வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வான். எங்கள் நோட்டில் 'பிடிக்கவில்லை என்றால் காதைப் பிடித்துக்கொள்வான்' என்று இருக்கிறது. டாக்டரிடம் கூட வர தம்பி அத்தையைச் சொன்னான். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால் அம்மா முந்திக்கொள்வார், அத்தை அவனைச் சொல்ல விடுவார்.

நோட்டில் 'வீடு' என்ற பக்கத்தில் என் பெயர் இல்லை. அப்பா விட்டுப்போன வீட்டில் எனக்கும் பங்கு இருக்கிறது. சொத்து விஷயத்தில் இருவர் நலனும் மோதினால் துணை நிற்பவர் விலகிக்கொள்ள வேண்டும் என்கிறது அதே 13ஆம் பிரிவு. சொந்தக்காரர் என்பதற்காகவே சந்தேகப்படக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனாலும் எனக்கு லாபம் இருக்கிற இடத்தில் நான் நிற்பது சரியில்லை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரைக் கேட்டோம், ஒத்துக்கொண்டார்.

பெயர்களைப் பென்சிலில் எழுதுங்கள். துணையை மாற்றிக்கொள்ளவும் அவர்களுக்குச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. போன மாதம் தம்பி பணப் பக்கத்தைத் திறந்து என் பெயரைக் காட்டினான். "நீ அவசரப்படுத்துறே" என்றான். ரப்பரை அவன் கையில் கொடுத்தேன். அழித்துவிட்டு, சித்தப்பா மகன் பெயரை எழுதச் சொன்னான். எழுதினேன்.