வாய்க்காலில் நிற்பது லில்லி இல்லை

எல்லாருக்கும் வணக்கம். ஊட்டியில் லில்லி என்றதும் உங்களில் பாதிப்பேருக்கு நினைவுக்கு வருவது ஓடைக்கரையிலும் சதுப்பிலும் வெள்ளை வெள்ளையாக நிற்கிறதே, அந்தக் காலா லில்லிதான். முதலில் அதைத் தள்ளி வைத்துவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது, சேம்பு, சேனைக்கிழங்கு எல்லாம் சேர்ந்த குடும்பம். இதழ் என்று நினைக்கிறோமே அந்த வெள்ளைச் சுருள், அது வெறும் மடல். உண்மையான பூக்கள் நடுவில் இருக்கும் மஞ்சள் தண்டில் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அழகில்லை என்று சொல்ல வரவில்லை. தேவைக்கு மேலேயே அழகு, அதனால்தான் அதைப் பிடுங்க யாருக்கும் மனசு வருவதில்லை, அது பாட்டுக்கு நீலகிரியின் ஈரநிலங்களைப் பிடித்துக்கொண்டே போகிறது.

பூத்தால் போதாதா, பெயர் எதற்கு என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். பூப்பதற்கே பெயர் வேண்டும் என்பது என் கட்சி. நர்சரியில் எதைக் கேட்டாலும் 'லில்லி' என்றுதான் எடுத்துக் கொடுப்பார்கள், நாமும் எல்லாவற்றையும் ஒரே பாத்தியில் ஊன்றுவோம். காலா லில்லி சேற்றில் நின்றாலும் தழைக்கும். அசல் லில்லியான லிலியத்தின் கிழங்கோ பூண்டைப்போல் பல் பல்லாக இருக்கும், ஆனால் மேலே போர்த்திக்கொள்ளத் தோல் கிடையாது. வெளியே கிடந்தால் வாடிவிடும், ஜூலை மழையில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். டே லில்லிக்கு அந்த மாதிரிக் கிழங்கே இல்லை, தடித்த வேர்தான். ஒரு பூவுக்கு ஒரு நாள் ஆயுசு, ஆனால் தண்டில் மொட்டு மாற்றி மொட்டு வந்துகொண்டே இருக்கும். அகபாந்தஸ், ஃபுட்பால் லில்லி, முதல் மழைக்குத் தலைநீட்டும் ரெயின் லில்லி மூன்றும் அமரிலிஸ் கூட்டம், அதாவது லிலியத்திலிருந்து வேறு குடும்பம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பூவைப் பார்க்காதீர்கள், ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள் என்று பல பூக்களும் ஏமாற்றும். தண்டைப் பாருங்கள். லிலியத்தில் தண்டு நெடுக இலை ஏறும், அமரிலிஸ் கூட்டத்திலும் டே லில்லியிலும் இலையெல்லாம் அடியிலேயே நின்றுவிடும். நம் மாநிலப் பூ செங்காந்தளுக்கும் தண்டில் இலை உண்டு, ஆனால் அது இலைநுனியால் பற்றிக்கொண்டு ஏறும் கொடி. லிலியத்துக்குத் தூரத்து உறவு.

இதற்குப் பிறகு வருவதுதான் போதை, லிலியத்தின் ரகப் பெயர்கள். ஏசியாடிக் வகையில் நிறம் கொட்டிக்கிடக்கும், வாசனை பெரும்பாலும் இருக்காது. ஓரியன்டல் வகை ஒன்றை வரவேற்பறையில் வைத்தால் அடுப்படி வரை மணக்கும். ஸ்டார்கேஸர் அந்த வகைதான், 1974-இல் கலிஃபோர்னியாவில் லெஸ்லி வுட்ரிஃப் உருவாக்கியது. அதுவரை ஓரியன்டல் பூக்கள் பெரும்பாலும் தலைகுனிந்தே நின்றன, இது நிமிர்ந்து பார்த்தது, பூக்கடைக்காரர்கள் விடுவார்களா? புதிய ரகங்களின் பெயர்களை லண்டனில் உள்ள ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி பதிவு செய்கிறது. ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, எல்லாம் தெரிய வேண்டியதில்லை, உங்கள் தொட்டியில் இருப்பது தெரிந்தால் போதும்.

இத்தனை வெளியூர்ப் பெயர்களைச் சொல்லிவிட்டு உள்ளூர்க்காரரை விட்டுவிட முடியுமா? உலகில் லிலியம் ஏறக்குறைய நூறு இனம், எல்லாம் வட அரைக்கோளத்தில். அவற்றில் மிகத் தெற்கே வளர்வது நம் நீலகிரி லில்லி. பழனி மலையிலும் உண்டு. மழைக்காலத்தில் புல்வெளிச் சரிவில், ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை ஊதுகுழல். இதற்கு லிலியம் நீல்கெரென்ஸ் என்று பெயர் வைத்தவர் ராபர்ட் வைட், 1853-இல் இந்தியாவை விட்டுப்போன ஸ்காட்லாந்து மருத்துவர். அதை இமயமலை லில்லியின் ஒரு ரகமாகச் சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்கட்டும். பார்த்தால் படம் எடுங்கள், தயவுசெய்து தோண்டாதீர்கள். புல்வெளியெல்லாம் சீகை மரமும் தேயிலையுமாகிவிட்ட பிறகு அதற்கு மிஞ்சிய இடமே கொஞ்சம்தான்.

அப்புறம், வீட்டில் பூனை வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். காலா லில்லியைக் கடித்தால் சேனை அரிப்பதுபோல வாய் எரியும், எச்சில் ஒழுகும். லிலியமோ டே லில்லியோ என்றால் கதையே வேறு. இலை, மகரந்தத்தூள், ஏன், ஜாடித் தண்ணீர்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுத்துவிடும். உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள், எந்தச் செடி என்று அவர் கேட்பார். அங்கே போய் வெறுமனே 'லில்லி' என்று சொல்லாதீர்கள்.