ரகசியம் பாரமே! காங்கேயம் பக்கத்து மாரியம்மன் பொங்கல் பட்டிமன்றத்தில் நான் பேசியது

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணிக்கும், பொங்கல் வைத்துவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிற அத்தனை சொந்தங்களுக்கும் வணக்கம்.

"மனசுக்குள் பூட்டி வைத்த ரகசியம் பாதுகாப்பா, பாரமா?" இதுதான் தலைப்பு. பாரம் என்று பேச வந்திருக்கிறேன். ஓட்டுப் போடுகிற இடத்தில் மறைவு வேண்டாமா என்று எதிரணி கேட்டார்கள். வேண்டும்தான், அது நம் உரிமை, யார் மறுத்தது? நாம் இங்கே பேசுவது வீட்டுக்குள், மனசுக்குள் கிடக்கிற ரகசியத்தை.

ஆனால் அதற்கு முன்னால் எதிரணி அண்ணனுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. "பொம்பளைங்க வாயில ரகசியம் நிக்காது, தருமரே சாபம் குடுத்துட்டாரு, அதனாலதான் அந்தம்மா பாரம்னு பேச வந்திருக்காங்க" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணா, அந்தச் சாபம் ஏன் வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? குந்தி ரகசியத்தை வெளியே சொன்னதற்காகவா? இல்லை, சொல்லாமல் வைத்திருந்ததற்காக! கல்யாணத்துக்கு முன்னால் பிறந்த பிள்ளை கர்ணன். அவனைப் பெற்றதையும் ஆற்றில் விட்டதையும் நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டியவள், பாண்டுவைக் கட்டி, மூன்று பிள்ளை பெற்று, வனவாசம் முடிந்து, பதினெட்டு நாள் போரும் முடிந்து, செத்தவர்களுக்கு நீர்க்கடன் செய்கிற நேரத்தில்தான் வாய் திறக்கிறாள். இந்தக் கூட்டத்தில் எந்த ஆம்பளையாவது அத்தனை காலம் ஒரு விஷயத்தை வைத்திருக்க முடியுமா, கை தூக்குங்கள் பார்ப்போம்!

இன்னும் கேளுங்கள். அது கண்ணனுக்குத் தெரியும், பீஷ்மருக்குத் தெரியும். கர்ணனுக்கே தெரிந்த பிறகு, "தருமனிடம் சொல்லிவிடாதே" என்று கண்ணனிடம் கேட்டுக்கொண்டவனும் அவன்தான். மூன்று ஆண்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். சாபம் மட்டும் பெண்களுக்கா? என்ன நியாயம் இது? இப்போது கைதட்டுங்கள்.

சரி, ரகசியம் காப்பாற்றப்பட்டது. அது யாரைப் பாதுகாத்தது? அண்ணன் என்று தெரியாமல் தம்பி அம்பு விட்டான். பாதுகாப்பு என்று பேசுகிறவர்கள் அந்தத் தாயிடம் போய்ச் சொல்லட்டும்.

இதிகாசத்தை விடுங்கள், நம்ம கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வாருங்கள். சித்திரையில் தேர் சமயத்துக்கு அங்கே போனவர்களுக்குத் தெரியும், மாட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். தரகர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கை மேல் போடுவார், துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பார், அந்தப் பக்கம் தலையாட்டினால் இந்தப் பக்கம் இன்னொரு விரல். சுற்றி அத்தனை கூட்டம் நின்றாலும் ஒருத்தருக்கும் விலை தெரியாது. ரகசியம் காக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, ஒரு வருஷம் அங்கே ஒரு ஜோடிக் காளையை விற்றார். துண்டுக்குள் முடிந்த விலை ஒன்பதாயிரம். துண்டை எடுத்ததும் பக்கத்தில் நின்ற பங்காளி முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான், மனசு கேட்கவில்லை. "ஒன்பதுக்குப் போச்சப்பா, ஒருத்தருகிட்டயும் சொல்லீராத." பங்காளி சத்தியமாக ஒருத்தரிடமும் சொல்லவில்லை, டீக்கடைக்காரரிடம் மட்டும் சொன்னார், அதுவும் பத்து என்று. டீக்கடைக்காரர் சம்சாரத்திடம் மட்டும். அந்தம்மா விசைத்தறிக்குப் போகிற தங்கச்சியிடம் மட்டும், தறிச் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியதாகப் போனதால் தறிக்கூடம் முழுக்க மட்டும்! அப்புச்சி பஸ் பிடித்து ஊர் வந்து சேர்வதற்குள், சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன என் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, காதில் விழுந்த விலை பன்னிரண்டாயிரம்.

இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, இதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒவ்வொருத்தரும் தனக்குப் பிடித்த ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னார்கள். "உங்கிட்ட மட்டும் சொல்றேன்" என்பதற்கு "நீ எனக்கு அவ்வளவு வேண்டியவன்" என்றுதானே அர்த்தம்? ரகசியம் நிற்காமல் போவது பெரும்பாலும் பாசத்தால்தான்.

அப்புறம் அப்புச்சி வீட்டுக்கு வந்தார். "எவ்வளவுக்குங்க போச்சு?" என்று அம்மிச்சி கேட்டார். "எட்டு" என்று எட்டாயிரத்தை எடுத்து வைத்தார். "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு அம்மிச்சி சோறு போட்டார். ஒளித்தது ஆயிரம். அம்மிச்சி கணக்கில் அது நாலாயிரம். அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. சீட்டாட்டமா, வேறு குடும்பமா என்று அம்மிச்சி தனக்குள்ளேயே வெந்தார். ஒவ்வொரு சித்திரைக்கும் கொஞ்சம் பணம் இப்படிக் குறைந்தது.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்து மைக்கேல் ஸ்லெப்பியன் என்கிற பேராசிரியர் தன்னோடு வேலை செய்தவர்களோடு சேர்ந்து 2017ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அடுத்தவர் முன்னால் மறைக்கிற நேரத்தைவிட, யாருமே எதிரில் இல்லாதபோது மனசு திரும்பத் திரும்ப அதற்கே போகிறதே, அதுதான் மனுஷனை அதிகம் வாட்டுகிறது என்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்த வீடுதான் ஞாபகம் வந்தது. காட்டில் தனியாகத் தண்ணீர் கட்டுகிற அப்புச்சி, கட்டுத்தரையில் தனியாகச் சாணி அள்ளுகிற அம்மிச்சி, இரண்டு பேர் மனசிலும் அதே ஓட்டம்.

அப்புச்சி போய்ச் சேர்ந்த அன்று இழவு வீட்டு வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். உள்ளே வரவில்லை. வேறு சாதியில் கட்டிக்கொண்டு போனார் என்று குடும்பமே ஒதுக்கி வைத்த அப்புச்சியின் தங்கச்சி. "சித்திரைச் சந்தை முடிஞ்சா எங்கண்ணன் வந்துருவாரே, இனி யாரு வருவா" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அம்மிச்சிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்த உடம்பைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கேட்டார்: "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போயி அவளக் கூட்டியாந்திருப்பனே சாமி! ஏனுங்க சொல்லுல, நா உங்களுக்கு அத்தன அந்நியமா?" பதில் சொல்ல ஆள் இல்லையே, நடுவர் ஐயா. அப்புறம் எழுந்து போய் வாசலில் இருந்தவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். "நங்கை, என்ன மன்னிச்சிருங்க" என்று அண்ணியைப் பார்த்து அந்தம்மா அழ, "நீ என்னடி பண்ணுன" என்று இவர் அழ, ஒதுக்கி வைத்த சொந்தம் ஒருத்தரும் தடுக்கவில்லை.

இந்தக் கதையை மேடையில் சொல்லட்டுமா என்று நேற்று அம்மிச்சியிடம் கேட்டேன். "சொல்லு அம்மணி, நல்லாச் சத்தமாச் சொல்லு" என்றார். அம்மிச்சியும் அவர் கூட்டி வந்த அந்தப் பாட்டியும் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தீர்ப்பைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா. வணக்கம்.