“லோயர் வேண்டாம், நானே கதைக்கிறேன்”

(திரையில்: புதுக்கடை நீதிமன்ற வளாகத்தின் வாசல், காலை நேரக் கூட்டம்)

கொழும்பு புதுக்கடையில் கோப்புக்கட்டோடு ஓடும் கறுப்புக் கோட்டுகளைப் பார்த்தால், லோயர் இல்லாமல் வழக்கே நடக்காது போலத் தோன்றும். அப்படியில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் நேரிலோ சட்டத்தரணி மூலமோ தன் பக்கத்தைச் சொல்லலாம் என்கிறது நம் இலங்கை அரசியலமைப்பின் 13(3)ஆம் உறுப்புரை.

சரி, அவருக்கு மனநோய் இருந்தால்?

குற்றம் நடந்த நேரத்தில் புத்தி எப்படி இருந்தது என்பது தனிக் கேள்வி. அதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு பார்த்துக்கொள்ளும், விடுங்கள். கூண்டில் நிற்கும் இன்றைக்கு எப்படி என்பதுதான் நம் கேள்வி. தன் பக்கத்தைச் சொல்ல முடியாத அளவுக்கு மனநிலை சரியில்லையோ என்று நீதவானுக்குச் சந்தேகம் வந்தால், அரச வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். இது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இருக்கிறது. சந்தேகம் சரியென்றால் வழக்கு தள்ளிப்போகும்; ஆள் தேறியதும் மறுபடி தொடங்கும். இப்படி அனுப்பப்படுகிறவர்களுக்கென்றே அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தில் ஒரு பிரிவு உண்டு. நாம் வாய்க்கு வந்தபடி நக்கலடிக்கும் அதே அங்கொடைதான்.

அப்புறம்தான் சிக்கல். “வழக்குக்கு முகம்கொடுக்கலாம்” என்று வைத்தியர் எழுதிவிட்டார். ஆள் எழும்பி, “லோயர் வேண்டாம்” என்கிறார். விடலாமா?

(திரையில்: நான்கு ஆண்டுகள் மட்டும். 1960, 1975, 1993, 2008)

இதை ஆழமாகத் தோண்டியது அமெரிக்க உச்ச நீதிமன்றம். 1960இல் டஸ்கி வழக்கில் ஓர் அளவுகோல் வைத்தார்கள்: வழக்கு என்னவென்று விளங்க வேண்டும், தன் சட்டத்தரணியோடு தெளிவாகக் கலந்துபேச வேண்டும். 1975இல் ஃபரெட்டா வழக்கில், தானே வாதாடுவது உரிமை என்றார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பக்கத்தில் லோயர் இருப்பார் என்று நம்பி வைத்த அளவுகோல், அவரையே அனுப்பிவிட்ட பிறகு எதை அளக்கும்? ஆனாலும் 1993இல் கொடினஸ் வழக்கில், லோயரை விலக்கவும் அதே தெளிவு போதும் என்றுவிட்டார்கள்.

2008இல் வந்தது இண்டியானா மாநிலத்து அஹ்மத் எட்வர்ட்ஸ் வழக்கு. கடையில் ஒரு சோடி சப்பாத்தைத் திருடிப் பிடிபட்டபோது துப்பாக்கியால் சுட்டவர், ஸ்கிட்சோஃப்ரினியா என்ற கடும் மனநோய் உள்ளவர். அவர் நீதிமன்றத்துக்கு எழுதியவற்றில் சில தலைகால் புரியாதவை. கடும் மனநோயால் தானே வழக்கு நடத்த முடியாதவருக்கு நீதிமன்றம் லோயரைக் கட்டாயப்படுத்தலாம் என்று 7க்கு 2 தீர்ப்பானது. கவனியுங்கள், “கட்டாயப்படுத்தலாம்” தான். செய்தே தீரவேண்டும் என்றில்லை.

எனக்கு அந்தத் தீர்ப்புச் சரியாகவே படுகிறது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது தெளிந்த ஆளுக்கே பெரும்பாடு. ஆனால் மறுத்து எழுதிய நீதியரசர் ஸ்காலியா காட்டிய ஒரு விஷயம் உறுத்துகிறது. தற்காப்புக்காகச் சுட்டேன் என்று சொல்ல நினைத்தார் எட்வர்ட்ஸ். லோயர் பிடித்ததோ கொல்லும் எண்ணமே இல்லை என்ற வாதத்தை. யாருடைய வழக்கு அது?

(திரையில்: ஒரு கிளினிக் கொப்பி)

உங்கள் வீட்டு ஆள் இந்த நிலையில் இருந்தால், கிளினிக் கொப்பியையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, அடுத்த தவணைக்கு முன்பே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். காசுக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது; அதுவும் புதுக்கடையில்தான்.