ஒழுங்கைக்கு ஒரு ரீச்சர்

வணக்கம் நேயர்களே. விடியற்காலையில் கொழும்பில் சுதந்திரச் சதுக்கம் பக்கமோ காலிமுகத்திடல் பக்கமோ போனால் எவ்வளவு பேர் நடக்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். நல்ல சப்பாத்து, காதில் பாட்டு. அதில் கொட்டாஞ்சேனையில் நெருக்கியடித்து நிற்கிற தோட்டத்து வீடுகளிலிருந்து வந்த பெண்கள் எத்தனை பேர்? சோம்பல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் பிழிகிறவளுக்கா சோம்பல்?

நான் பள்ளிக்கூடத்தில் பீ.ரீ. ரீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்றதும் அந்தப் பக்கம் ஒரு மண்டபத்தில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு தொடங்கினேன். முதல் கிழமை முப்பது பேர், மூன்றாம் கிழமை ஆறு பேர். காலை ஆறு மணிக்கு வைத்தேன் பாருங்கள், என் மடைத்தனம். பிள்ளைக்குச் சாப்பாடு கட்டி ஸ்கூல் வேனில் ஏற்றுகிற நேரம் அது.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல், நாலு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால், அந்த ஆறு பேரில் ஒருவரான இடியப்ப அக்கா தானே வகுப்பை நடத்திக்கொண்டிருக்கிறார், பத்து மணிக்கு, பதினைந்து பேரோடு! நான் ‘ஸ்குவாட்’ என்று கத்திக்கொண்டிருந்ததை அவர் “பலகைக்கட்டையில இருந்து எழும்புங்கோ, ஆனா கட்டை இல்லை” என்கிறார். சுவரில் கை வைத்துத் தள்ளுகிற பயிற்சிக்கு “நின்றுபோன ஓட்டோவைத் தள்ளுங்கோடி” என்கிறார். முழங்கால் நோகிறவர்களுக்குக் கதிரை கூடப் போட்டிருந்தார். வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அந்த அளவு எது? கதைக்க முடியும், பாட முடியாது. அக்கா அதையும் தன் பாணியில் மாற்றிவிட்டார்: “அடுத்த வீட்டுக் கதை சொல்ல ஏலுமா, சரி. பாட்டு வருதா, அப்ப வேகமாப் போடு.”

சரி, இவரை முறையாகப் படிப்பிப்போம் என்று, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கான ஒரு பயிற்சிக்கு அனுப்பினேன். தாளெல்லாம் ஆங்கிலத்தில், கடைசியில் எழுத்துப் பரீட்சை. அக்கா பாதியில் திரும்பிவிட்டார், என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இப்படி வகுப்பெடுக்கக்கூடிய பெண்களை நாங்களே தமிழில் பழக்குகிறோம், ஞாயிறு பின்னேரம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம். பரீட்சை என்றால் பத்துப் பேரை நிறுத்திச் செய்து காட்டுவதுதான். முஸ்லிம் பெண்கள் தங்கள் ஒழுங்கைக்குத் தாங்களே ஒருவரைத் தேர்ந்து அனுப்பினார்கள், ஜன்னலுக்குத் திரை போட்டு அங்கே வகுப்பு நடக்கிறது. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஆடிய இலங்கை அணி 2018இல் சிங்கப்பூரில் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்றபோது நாங்கள் துள்ளிக் குதித்தது உண்மை, ஆனால் கதிரையில் இருக்கிறவளை எழுப்புவது பக்கத்து வீட்டு அக்காதான். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். அந்த அக்காவுக்குக் காசும் கொடுங்கள் ஐயா! சேவை சேவை என்று சொல்லி ஏழையிடம் சும்மா வேலை வாங்குவது எனக்குப் பிடிக்காது, பஸ் காசாவது...

அட, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே வகுப்பு எடுக்கிற ஒரு பையனைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன், அது போச்சு. அவசரமாக ஒன்று: நெஞ்சு நோ, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்துங்கள். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர்கள் சீனி திடீரென்று இறங்கினால் வாயில் போட, பையில் இரண்டு டொபி வைத்திருங்கள். வணக்கம்.