அலைக்கு ஓட இடம் வேணும்

[காட்சி: கருங்கல் தடுப்பில் அலை மோதிச் சிதறுகிறது]

சரிவான மணல்ல ஏறுற அலை, ஓடி ஓடியே களைச்சு மெதுவாத் திரும்பும். நேர்ச் சுவர்ல மோதினா? ஓட இடமில்ல. வந்த வேகத்துலயே திரும்பி, சுவரோட காலடி மணலைப் பறிச்சுக்கிட்டுப் போகும். கொஞ்ச வருஷத்துல சுவர் நிற்கும், கடற்கரை இருக்காது. அஸ்திவாரம் தெரிய ஆரம்பிச்சதும் மறுபடி கல் கொட்டணும்.

1901-க்கும் 2018-க்கும் நடுவுல உலகக் கடல்மட்டம் சராசரியா 20 செ.மீ. ஏறியிருக்கு. இவ்வளவுதானான்னு நினைக்காதீங்க. நூறு அடிக்கு ஒரு அடி மட்டுமே உயர்ற தட்டைக் கரையில, அது 20 மீட்டர் உள்ள வர்றதுக்குச் சமம். சதுப்பும் அலையாத்தியும் அப்போ பின்னால நகரப் பார்க்கும். பின்னால சுவரோ ரோடோ இருந்தா, நசுங்கித்தான் போகும்.

[காட்சி: நீளமான கண்ணாடித் தொட்டி, நீல மை கலந்த உப்புநீர் ஒரு முனையில் ஊற்றப்படுகிறது]

இப்போ முகத்துவாரம். நீலத்தைப் பாருங்க, கலக்கவே இல்ல. உப்புநீர் கனம், அதனால நன்னீருக்கு அடியில ஆப்பு மாதிரி நுழையுது. அதைத் தள்ளி வெச்சிருக்கறது ஆத்தோட ஓட்டம்தான். அணையில தண்ணியைப் பிடிச்சா அந்த உப்பு ஆப்பு ஆத்துக்குள்ள இன்னும் தூரம் ஏறும். கப்பலுக்காக ஆழப்படுத்தினா இன்னும் சுலபமா ஏறும். கரைக்கு வர வேண்டிய வண்டலும் அணையிலயே தங்கிடும். கடலைத் திட்டுறதுல பாதியை நாம ஆத்துப் பக்கம் திருப்பணும்னு எனக்குத் தோணும்.

[காட்சி: வானிலிருந்து, உடைக்கப்பட்ட கரை]

இங்கிலாந்தோட தென்கரையில மெட்மெரின்னு ஒரு இடம். குளிர்காலம் வந்தா புல்டோசர் வெச்சுக் கூழாங்கல் கரையை மறுபடி குவிப்பாங்க. 2013-ல அந்தக் கரையை அவங்களே உடைச்சாங்க! அதுக்கு முன்னாடியே உள்ள தள்ளி 7 கிலோமீட்டருக்குப் புதுக் கரை போட்டாச்சு. நடுவுல 180 ஹெக்டேருக்கு மேல கடல் வந்து போற சதுப்பா விட்டுட்டாங்க. வேகத்தை அங்கேயே இழந்துட்டுத்தான் அலை புதுக் கரையைத் தொடுது.

லண்டனை அப்படி நகர்த்த முடியாது. அங்க தேம்ஸ் ஆத்துக்குக் குறுக்க 1982-லேர்ந்து பெரிய கதவுகள் வேலை செய்யுது. ஆனா கதவை மூடினா ஆத்து வெள்ளமும் உள்ளேயே மாட்டிக்கும். அதனால ஓதம் வத்தி, கடல்நீர் இறங்கியிருக்கும்போதே மூடிடறாங்க, மேலேர்ந்து வர்ற தண்ணி நிக்க உள்ள இடம் காலியா இருக்கணும்ல.