நீலக் கதவும் ஒன்பதாம் விதியும்

(குடியிருப்போர் சங்க நிர்வாகிகளின் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு வந்திருக்கும் செயலாளர்களே, பொருளாளர்களே, வணக்கம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆறு ஆண்டுகள் எங்கள் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். அந்தக் காலத்தில் நான் எழுதிய கடிதங்களில் பாதி சாயம் பற்றியவை. எண்பத்து நான்கு வீடுகள். எல்லாச் சுவரும் வெளிர் மஞ்சள், எல்லாக் கதவும் பழுப்பு, எல்லா கேட்டும் ஒரே அச்சு. துணை விதிகளில் ஒன்பதாவது விதி, வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் குழுவின் அனுமதி இல்லாமல் கூடாது என்கிறது. அந்த விதியை நான் காவல் காத்தேன் என்றே சொல்லலாம்.

எங்கள் வளாகத்தில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஒரு பிற்பகல் அவர் வேறொருவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, பூட்டில் தன் சாவியை நுழைத்துத் திருகிக்கொண்டிருந்தார். உள்ளே தனியாக இருந்த பெண்மணி பயந்துபோய் என்னை அழைத்தார். நான் போனதும் பெரியவர் என்னிடமே புகார் சொன்னார்: "என் வீட்டுப் பூட்டை யாரோ மாற்றிவிட்டார்கள்." ஒரே மாதத்தில் இது மூன்று முறை நடந்தது. நான்காவது முறை நடக்கவில்லை. அதற்குள் அவருடைய மருமகள் வாசல் கதவுக்கு நீலச் சாயம் அடித்துவிட்டார். நல்ல அடர் நீலம். தெருமுனையிலிருந்தே தெரியும்.

அந்த நீலம் மட்டும்தான் என் கண்ணில் பட்டது. பதினைந்து நாளுக்குள் பழைய நிறத்துக்கு மாற்றும்படி கடிதம் அனுப்பினேன். அந்தப் பெண் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார். கோபப்படவில்லை. "சார், மாமாவுக்கு இப்போதும் எண் படிக்க வருகிறது. அது தன் வீட்டு எண்தானா என்பதுதான் தெரியவில்லை. நிறம் தெரிகிறது" என்றார். விதி எல்லோருக்கும் பொது என்று நான் பதில் சொன்னேன். அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவர் சொன்னது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதத்தில் படித்ததையும் விசாரித்ததையும்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

டிமென்ஷியாவை நாம் மறதி நோய் என்கிறோம். இந்தச் சொல்லே நம்மைத் திசைதிருப்புகிறது. சாவியை எங்கே வைத்தோம், பேரன் பெயர் என்ன என்ற அளவில் அதை நினைத்துக்கொள்கிறோம். ஜப்பானியர்கள் இந்த நோய்க்கு வைத்திருந்த பழைய பெயர் இழிவாக ஒலிக்கிறது என்று 2004-இல் அரசே அதை மாற்றியது. நம்முடைய சொல்லில் இழிவு இல்லை. ஆனால் பாதி உண்மைதான் இருக்கிறது. இந்த நோய் பலருக்கு ஆழத்தை அளக்கும் பார்வையைக் கெடுக்கிறது. அடுத்தடுத்த நிறங்களைப் பிரித்தறிவது கடினமாகிறது. வெளிர் தரையில் விரித்த கறுப்பு மிதியடி, சிலருக்குக் குழியாகத் தெரியும். பளபளக்கும் கல்தரை ஈரமாகத் தெரியும். தரையில் பட்டை பட்டையாக இரு நிறக் கற்களைப் பதித்தால், அவை படிகளாகத் தெரியும். கால் தூக்கி வைத்து விழுவார்கள். இதோடு வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையைச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணில் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

அந்தக் கண்களோடு எங்கள் தெருவில் நின்று பாருங்கள். எண்பத்து நான்கு பழுப்புக் கதவுகள். எந்த அடையாளமும் இல்லாத சுவர்கள். நாம் ஒழுங்கு என்று பெருமைப்படுவது, அவருக்கு ஒரே சொல்லை எண்பத்து நான்கு முறை அச்சடித்த பக்கம். அதில் தன் வரியை எப்படிக் கண்டுபிடிப்பார்?

பிரிட்டனில் எலிசபெத் பர்ட்டன், லின் மிட்செல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், டிமென்ஷியா உள்ளவர்கள் தங்கள் தெருக்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கூடவே நடந்து பார்த்தார்கள். வரைபடத்தையோ வழிகாட்டிப் பலகைகளையோ விட, கண்ணில் நிற்கும் ஒரு பொருளை வைத்துத்தான் அவர்கள் வழி கண்டார்கள். ஒரு கோபுரம், ஒரு தபால் பெட்டி, ஒரு மரம். ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நின்ற நேர்த்தெருக்கள் குழப்பின. மெல்ல வளைந்து, வீட்டுக்கு வீடு கொஞ்சம் வேறுபட்ட சிறு தெருக்கள் கைகொடுத்தன. பார்த்தவுடன் இன்னதென்று தெரியாத நவீன வடிவ இருக்கைகளும் தொலைபேசிக் கூண்டுகளும் அவர்களைக் குழப்பின. பழைய வடிவத்தில் இருந்தவை புரிந்தன.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் சிமெண்ட் பெஞ்சு நினைவுக்கு வந்தது. வளாகத்தின் நடுவே, ஒரு கால் உடைந்து செங்கல்லால் முட்டுக்கொடுத்து நின்ற பெஞ்சு அது. அழகுபடுத்தும் வாரம் ஒன்று நடத்தினோம். அந்த வாரத்தில் முதலில் போனது அதுதான். அதன் இடத்தில் மெருகேற்றிய கருங்கல் உருண்டைகள் மூன்றை வைத்தோம். பத்திரிகையில் படம் வரும் அளவுக்கு அழகு. சில வாரங்கள் கழித்து, தினமும் காலையில் நடக்கிற ஓர் அம்மாள் வெளியே வருவதே இல்லை என்று கவனித்தேன். அவருடைய கணவர் சொன்னார்: "அந்தப் பெஞ்சைக் கண்டால் வலதுபக்கம் திரும்புவாள். இப்போது எங்கே திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறாள். அதனால் வெளியே அனுப்புவதையே விட்டுவிட்டேன்." அந்த உருண்டைகள் என்னவென்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. உட்காருவதற்கா, தாண்டுவதற்கா? உண்மையில் எனக்கும் தெரியாது.

தோற்றத்தைப் பேணுகிறவர்களைக் கிண்டல் செய்ய நான் வரவில்லை. நானும் அந்தக் கட்சிதான். ஒன்பதாம் விதி வெறும் வீம்பில் பிறந்ததல்ல. பக்கத்து வீட்டுக்காரர் தகரக் கொட்டகை போட்டால் நம் வீட்டின் மதிப்பு இறங்கும் என்ற பயம் உண்மையானது. ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் நாளை நாற்பது பேர் வந்து நிற்பார்கள் என்பதையும் நான் அனுபவித்திருக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்றாகப் பேணப்படும் தெரு டிமென்ஷியா உள்ளவருக்குத்தான் முதலில் நன்மை. நடைபாதையில் சாய்த்து நிறுத்திய வண்டிகள், பெயர்ந்த கற்கள், முகத்தில் இடிக்கும் கிளைகள், நாலாபுறமும் ஒட்டிய அறிவிப்புகள் எல்லாமே அவருக்கு இடைஞ்சல். இரைச்சலும் நெரிசலும் அவரைக் கலங்கவைக்கும். ஆகவே தெருவைத் துப்புரவாக வைத்திருக்கும் குழு அவருக்குப் பகையல்ல. சண்டை எங்கே வருகிறது என்றால், துப்புரவையும் ஒரே அச்சையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் இடத்தில் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான ஏற்பாட்டைச் செய்து தர மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுக்கிறது. பொத்தாம் பொதுவான வாசகம்தான். அதைவிட எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் நடைமுறை. அங்கே 1988-இல் வீட்டுவசதிச் சட்டத்தைத் திருத்தி, ஊனம் உள்ளவர்களுக்காக விதிகளை நியாயமான அளவு தளர்த்த வேண்டும் என்றும், அவர்கள் தம் செலவில் செய்யும் நியாயமான மாற்றங்களை அனுமதிக்க வேண்டும் என்றும் ஆக்கினார்கள். குடியிருப்போர் சங்கங்களும் அதில் அடக்கம். பிறகு 2008-இல் அங்குள்ள வீட்டுவசதித் துறையும் நீதித் துறையும் சேர்ந்து ஒரு விளக்கம் வெளியிட்டன. அதில் ஒரு வரி இருக்கிறது. செய்யப்போகும் மாற்றம் தன் அழகுணர்ச்சிக்கு ஏற்ப விலை கூடிய பொருளால் அமைய வேண்டும் என்று வீட்டை வழங்குபவர் விரும்பினால், அந்தக் கூடுதல் செலவை அவரே ஏற்க வேண்டும்.

எவ்வளவு கணக்கான தீர்வு, பாருங்கள். ஒரு குடும்பம் தாழ்வான கம்பிவேலி போடக் கேட்கிறது. குழுவுக்குக் கம்பி பிடிக்கவில்லை, மரச்சட்டம்தான் வேண்டும். நல்லது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சங்கம் கட்டட்டும். என்னைக் கேட்டால் எல்லாத் துணை விதிகளிலும் இந்த ஒரு வரியைச் சேர்க்கலாம். சொந்தப் பணம் செலவாகும் என்று தெரிந்தால், நம் அழகுணர்ச்சி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதைப் பல குழுக்கூட்டங்களில் பார்த்திருக்கிறேன்.

வேலி என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டிமென்ஷியா உள்ளவர்களில் பத்தில் ஆறு பேர் ஒரு முறையேனும் வழிதவறுவார்கள் என்று அமெரிக்க ஆல்சைமர் சங்கம் சொல்கிறது. ஜப்பானில் இப்படிக் காணாமல் போனதாகக் காவல்துறைக்கு வந்த தகவல்கள் 2024-இல் மட்டும் பதினெட்டாயிரத்துக்கு மேல். எனவே வேலி கேட்கும் குடும்பம் ஆடம்பரத்துக்காகக் கேட்கவில்லை. ஆனால் வேலியையும் பார்த்துச் செய்யலாம். உயரமான, அடைத்த சுவர் எழுப்பினால் தெருவுக்கும் அசிங்கம், உள்ளே இருப்பவருக்கும் சிறை. வெளியுலகம் தெரியும் வேலியில் கொடி படரவிட்டு, கதவை வேலியின் நிறத்திலேயே அடித்து, தாழ்ப்பாளைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தால் வெளியே போகும் எண்ணம் அவ்வளவாக எழாது. கொடியையும் பக்கத்தில் வைக்கும் செடியையும் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம். இலையைக் கிள்ளி வாயில் போடுவதும் நடக்கும், அரளி போன்றவை ஆகாது. வீட்டுக்குள் ஆளை வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவதைத் தயவுசெய்து யாருக்கும் யோசனையாகச் சொல்லாதீர்கள். தீப்பிடித்தால் என்ன ஆகும்?

நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009-இல் ஹோகவேய்க் என்ற குடியிருப்பைக் கட்டினார்கள். வசிப்பவர் அனைவரும் முற்றிய டிமென்ஷியா உள்ளவர்கள், தொடக்கத்தில் சுமார் 150 பேர். அங்கே சுற்றிலும் தனியாகக் காவல்வேலி கிடையாது. வீடுகளே வெளிவட்டமாக நின்று சுவராகின்றன. அவற்றின் முகப்புகள் உள்ளே இருக்கும் சதுக்கங்களையும் தோட்டங்களையும் பார்க்கின்றன. உள்ளே எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம். பாதுகாப்பை முதல் கோட்டிலேயே வரைந்துவிட்டார்கள். அதனால் அதை மறைக்க அலங்காரம் தேவைப்படவில்லை. நமக்கு அந்த வசதி இல்லை. கட்டி முடித்த தெருவில்தான் நாம் ஒட்டுப்போட வேண்டும்.

ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லம் வாசலில் பேருந்தே வராத பேருந்து நிறுத்தம் ஒன்றை வைத்தது. வீட்டுக்குப் போகக் கிளம்புகிறவர்கள் அங்கே உட்காருவார்கள். சற்று நேரத்தில் ஊழியர் வந்து பேச்சுக்கொடுத்து உள்ளே அழைத்துப் போவார். பலர் இதைப் புகழ்கிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. ஆனாலும் அந்த இல்லத்தில் இரவுப்பணி பார்க்காத நான் அதற்குமேல் பேசக் கூடாது.

விளக்கைப் பற்றியும் நிறையச் சண்டை வருகிறது. ஆள் நடமாட்டம் கண்டால் பளிச்சென்று எரியும் விளக்குகளைப் பாதுகாப்பு என்று மாட்டுகிறோம். அந்தத் திடீர் வெளிச்சம் டிமென்ஷியா உள்ளவரைத் திடுக்கிடச் செய்யும், எதிர்வீட்டுக்காரரையும் எழுப்பும். விடியும்வரை மங்கலாக, சீராக, கீழ்நோக்கி எரியும் விளக்கு இருவருக்குமே நல்லது.

இன்னும் ஒரு செய்தி, இது நிர்வாகிகளுக்காக. நீலக் கதவுக்கு அனுமதி கேட்பவரிடம் மருத்துவ அறிக்கை முழுவதையும் கேட்காதீர்கள். இந்த மாற்றம் ஏன் தேவை என்று மருத்துவர் எழுதிய இரண்டு வரி போதும். அதையும் பொதுக்கூட்டத்தில் வாசிக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பல குடும்பங்கள் கேட்காமலே இருப்பதற்குக் காரணம் செலவல்ல. கேட்டால் வீட்டுக்குள் இருப்பது ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சம். எங்கள் கணித ஆசிரியரின் மருமகள் அனுமதி கேட்காமல் சாயம் அடித்ததும் அதனால்தான். ஆகவே ஒன்பதாம் விதியை இப்போது மாற்றி எழுதியிருக்கிறோம். கதவு, எண் பலகை, வாசல் விளக்கு, வாசல் செடி ஆகிய நான்கையும் யாரும் தங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. சுவரும் கூரையும் பழைய விதிப்படிதான். எல்லோருக்கும் கிடைக்கும் சலுகையில் யார் நோயாளி என்பது வெளியே தெரியாது.

ஜப்பானில் ஓமுட்டா என்ற நகரத்தில் ஒத்திகை நடத்துகிறார்கள். வழிதவறியவராக ஒருவர் தெருவில் நடப்பார். அக்கம்பக்கத்தவர் அவரை அடையாளம் கண்டு, பதறாமல், எதிரே வந்து மெதுவாகப் பேச்சுக்கொடுத்துப் பழகுவார்கள். இதற்கு எந்தச் சுவருக்கும் சாயம் அடிக்க வேண்டியதில்லை, எந்த விதியையும் திருத்த வேண்டியதில்லை. எங்கள் வளாகத்தில் ஒரு முறை செய்து பார்த்தோம். வழிதவறியவராக நடிக்க நான்தான் போனேன். முதல் இருபது நிமிடம் ஒருவரும் என்னை நிறுத்தவில்லை. கடைசியில் நிறுத்தியது பத்து வயதுப் பெண் ஒருத்தி. "தாத்தா, எங்கே போக வேண்டும்?" என்றாள். தாத்தா என்று அவள் அழைத்தது கொஞ்சம் வலித்தது. அது வேறு கதை.

பெஞ்சைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை, உடைத்து அப்புறப்படுத்தியாயிற்று. அதே இடத்தில், அதே பச்சையில், முதுகுசாயும் பலகையும் கைப்பிடியும் உள்ள சாதாரண பெஞ்சு ஒன்றைப் போட்டோம். அந்த அம்மாள் மறுபடி நடக்கத் தொடங்கினாரா என்று கேட்பீர்கள். இல்லை. அதற்குள் நோய் முற்றிவிட்டது. இப்போது அவருடைய கணவர் மட்டும் மாலையில் வந்து அதில் உட்காருகிறார்.

கணித ஆசிரியர் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். காரியங்கள் முடிந்தபின் அந்த மருமகள் என்னிடம் வந்து, "இனி பழைய நிறத்தையே அடித்துவிடவா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு நான் வழி சொல்வதே அதை வைத்துத்தான்: நீலக் கதவைத் தாண்டி இரண்டாவது தெரு, இடதுபுறம் மூன்றாவது வீடு.