“அப்புறம்?” என்று கேட்க ஓர் ஆசிரியர்

நேயர்களுக்கு வணக்கம். கோவை, ஈரோடு பக்கம் எக்ஸ்ரே, ஸ்கேன் பற்றிய கதிரியக்கப் படிப்பு படிக்கும் பிள்ளைகள் பலர், பஸ்ஸில் வரும்போதே செல்போனில் எக்ஸ்ரே பார்த்துப் பழகுகிறார்கள். தாராபுரத்தில் ஏறினால் கல்லூரி வருவதற்குள் நாலைந்து நுரையீரல் படம். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். கண் பழக நிறையப் படம் வேண்டும். நம் வார்டுக்கு வராத நோய்கூடக் கணினியில் கிடைக்கிறது. உடலைக் குறுக்கே வெட்டியதுபோல் காட்டும் சி.டி. ஸ்கேன் அடுக்குகளை மேலும் கீழும் ஓட்டிப் பார்க்கலாம். பழைய பிலிமில் அது ஆகாது.

ஆனால் செயலி காட்டும் படத்தில் ஏதோ ஒரு நோய் இருக்கிறது என்பது மாணவருக்கு முன்பே தெரியும். ஒன்றைக் கண்டதும் விடையைச் சரிபார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். பக்கத்தில் ஆசிரியர் இருந்தால், “சரி, நிமோனியா. அப்புறம்?” என்று கேட்பார். அப்போதுதான் உடைந்த விலா எலும்பு கண்ணில் படும்.

அனுபவசாலிகளுக்கும் இது நேரும். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நுரையீரல் சி.டி.யில் சிறு கட்டிகளைத் தேடச் சொல்லி, இடையில் ஒரு கொரில்லா உருவத்தைச் செருகி வைத்தார்கள். 24 கதிரியக்க நிபுணர்களில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. பலருடைய பார்வை அதன் மேலேயே விழுந்திருந்தது!

படுக்கையிலேயே எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரியும். படம் பதியும் தட்டு முதுகுக்கு அடியில் இருக்கிறது, இதயமோ முன்பக்கம். தள்ளியிருப்பதால் நிழல் விரிகிறது. இதயம் வீங்கியிருக்கிறது என்று அவசரப்படும் மாணவரிடம், “நோயாளி நின்றாரா, படுத்திருந்தாரா?” என்று கேட்க ஆள் வேண்டாமா? அல்ட்ராசவுண்டில் இன்னும் கஷ்டம். காலின் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க, புரோப் என்னும் ஸ்கேன் கைக்கருவியை வைத்து அழுத்துவோம். ரத்தம் உறையாத சிரை தட்டையாகிவிடும். எவ்வளவு அழுத்துவது என்பதை வீடியோ சொல்லாது, கையைப் பிடித்துத்தான் காட்ட வேண்டும்.

ஆகவே பாட விளக்கத்தை மட்டும் வீடியோவுக்கு விட்டுவிடலாம். வகுப்பு நேரத்தில் நாலு பேரை ஒரு படத்தின் முன் உட்கார வைத்து, பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தாவுகிறார்கள், எதை விடுகிறார்கள் என்பது அப்போது தெரியும். ரிப்போர்ட் குவிந்து கிடக்கும்போது ஆசிரியருக்கு நேரமில்லை என்பது உண்மை. ஆனால் இந்தப் பிள்ளைகள் நாளை அந்தியூரிலோ பல்லடத்திலோ ஒரு சிறு ஸ்கேன் சென்டரில் இரவு டியூட்டி பார்ப்பார்கள். எடுத்த படம் சரியா, மறுபடி எடுக்க வேண்டுமா என்பதைத் தனியாகவே முடிவு செய்வார்கள். அவர்களுக்காக வாரத்தில் சில மணி நேரத்தை டியூட்டி அட்டவணையிலேயே எழுதி ஒதுக்குமாறு மருத்துவமனை நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.